ஒன்பது மணித் தவில்

ஒன்பது மணிக்கு நாலு பேர் வந்து
நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.
நடுவில் கோட்டு போட்டவர்.
அடியில் சிவப்புப் பட்டையில் ஓடுகிறது
காலையிலிருந்து ‘சற்றுமுன்’ வந்துகொண்டிருக்கும் செய்தி.
நான் டிவி சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டு
போனில் தவிலைப் போடுகிறேன்.

யாரும் சொல்லித் தந்ததில்லை.
இவருக்கு மில்லில் மூன்றாம் ஷிப்ட்,
கிளம்புகிறவரை தூங்கணும்.
வில்லாபுரத்தில் இரண்டே அறை:
ஒன்றில் தூக்கம், ஒன்றில் ஜனநாயகம்.
ஒரு காதில் இயர்போன்,
இன்னொன்று குக்கர் விசிலுக்கு.
அப்படி இருந்த ஒரு ராத்திரிதான் பார்த்தேன்,
ஆளுங்கட்சியின் ஆள்காட்டி விரல்
வலந்தலை அடியில் கச்சிதமாக விழுந்தது.
எதிர்க்கட்சி உதட்டைக் கடித்துக்கொண்டு
அரை இடம் தள்ளி எடுத்தார்.
அரசியல் விமர்சகருக்கு மட்டும் தாளம் நிற்காது.
தப்பும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பார்.

திருமங்கலத்தில் ஒரு கல்யாணம் அது,
சித்தி மகள் பூரணத்துக்கு.
பந்தியில் உட்கார்ந்தபடியே நான் பிடித்தது,
பதினான்கு நிமிஷம்.
நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் உண்டு.
கூட வருகிற நாயனத்தைக் கேட்டுவிட்டு
கடைப் பையன் இன்னாசி கரகரப்பிரியா என்றான்.
ஸ்டாம்பு விற்கிற குழந்தைசாமி, இல்லவே இல்லை என்றார்.
அரை நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.
எனக்கு ராகம் வேண்டாம், அந்த ஓர் இடம் போதும்:
படபடவென்று ஏறிக்கொண்டே போன ஆள்
சட்டென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டு
ஒன்றுமே அடிக்காமல் விடுகிற இடம்.

இவளுக்கு அரசியல் தெரியாது என்று நினைக்காதீர்கள்.
கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை மனு நாள், பக்கம் இரண்டு ரூபாய்.
எதிரில் நிற்பவர் கையிலிருப்பதைத்
தலைகீழாகவே வாசித்துவிடுவேன்.
விரகனூரில் சாக்கடை.
சுடுகாட்டுக்குப் பாதை.
ஒரே பட்டாவுக்கு ஒன்பதாவது மனு,
நகலின் நகலின் நகல், எழுத்தெல்லாம் எறும்பாகி.
இதில் ஒன்றும் நாலு கட்டத்துக்குள் வந்ததில்லை.
வந்தாலும், ‘சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்பார் கோட்டுக்காரர்.

ஆட்சி மாறினால் சேனல் நம்பர் மாறும்.
கேபிள் பணம் வாங்க வரும் இருளப்பனிடம் கேட்டால்
‘எதுல பாத்தாலும் அதே நாலு பேர்தானக்கா’
என்று ரசீது கிழிப்பான்.
அதுவும் சரிதான்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன்.
ஒருமுறை நான் ஓட்டுப் போட்டது
பிரச்சார ஆட்டோவில் வந்த பாட்டுக்காக.
வேட்பாளர் முகம்கூட ஞாபகமில்லை.
சரணத்துக்கு முன்னால் ஓர் உறுமி வரும் பாருங்கள்,
விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனவள்
பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.
டெபாசிட் போச்சு அந்த மனுஷனுக்கு.
மச்சினர் தும்மக்குண்டில் கிளைச் செயலாளர்,
தெரிந்தால் வீட்டுப் படி ஏறமாட்டார்.

டிவியில் நாலு பேருக்கும் கீழே பெயர் இருக்கிறது,
பெயருக்குக் கீழே பொறுப்பு இருக்கிறது.
தவில்காரர் பெயரைப் பூரணத்திடம் கேட்டேன்.
‘மண்டபத்துக்காரங்க ஏற்பாடுக்கா’ என்றாள்.
மண்டபத்தில் மேனேஜர் மாறிவிட்டார்.

நேற்று ஒரு வேடிக்கை.
ஆளுங்கட்சி கையை ஓங்க,
எதிர்க்கட்சி எழுந்துகொள்ள,
கோட்டுக்காரர் இரண்டு கையையும் விரிக்க,
சரியாக அங்கே வந்தது அந்த ஒன்றுமே அடிக்காத இடம்.
கேபிளும் அந்த நேரம் பார்த்துத் திக்கியது.
நாலு கட்டமும் அப்படியே உறைந்து நிற்க,
என் காதுக்குள், திருமங்கலத்துப் பந்தியிலிருந்து
ஒரு குரல் கேட்டது:

‘ரசம் யாருக்கு?’

நாலு பேரும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள்.
உள்ளே குக்கர் விசில் அடித்தது.
எத்தனையாவது என்று எண்ண மறந்திருந்தேன்.